பாப்பாத்தியம்மாள் கோவில்

ரஞ்சன்குடிக் கோட்டையில் உட்கார்ந்துகொண்டு பாளையங்கோட்டையைப் பற்றி யோசிப்பது கொஞ்சம் விநோதம்தான். ஆனால் எனக்கு வேறு இடம் இல்லை. பெரம்பலூர்ப் பக்கத்துக் கிளை ஒன்றுக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து என் ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்கள் பெரும்பாலும் இங்கேதான் போகின்றன. திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் பஸ்ஸில் போகிறபோதே தெரியும் கோட்டை. அரைவட்டக் கொத்தளங்கள், அகழி, ஒன்றுக்கு மேல் ஒன்றாக ஏறும் கல் மதில்கள். கீழே பேட்டை, உச்சியில் கோட்டை மேடு. உள்ளே ஒரு மசூதி, இடிந்த கட்டடங்கள், ஆடு மேய்ப்பவர்கள், சில சமயம் ஊருக்குப் பயந்து வந்த காதலர்கள். தொல்லியல் துறையின் பலகை ஒன்று நிற்கிறது. அதைப் படிப்பவர் அதிகம் இல்லை.

1751-ல் இந்த மதில்களின் முன்னால் இரண்டு படைகள் நின்றன. ஒரு பக்கம் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரர்களும். மறுபக்கம் முகமது அலியின் ஆட்களும் காப்டன் ஜிஞ்சென்ஸ் தலைமையில் கும்பினிப் படையும். சரித்திரப் புத்தகங்களில் வாலிகண்டபுரம் சண்டை என்று வருவது இதுதான். கோட்டையின் கில்லேதார் இரண்டு தரப்பாரோடும் பேசிக்கொண்டே நாளை ஓட்டினார். யாருக்கும் கதவைத் திறக்கவில்லை. பொறுமை இழந்த ஆங்கிலேயர் பேட்டைக்குத் தீ வைத்தார்கள், கோட்டை கிடைக்கவில்லை. எதிரிப் படை நெருங்கியதும் அவர்களுக்கு என்னவோ ஒரு கிலி பிடித்துக்கொண்டது. அதிகாரிகள் உட்பட எல்லாரும் ஊட்டத்தூர் வழியாகத் திருச்சியை நோக்கிப் பின்வாங்கினார்கள். ராபர்ட் கிளைவும் அந்தக் கூட்டத்தில் இருந்தவர். அதே வருஷம் அவர் ஆற்காட்டைப் பிடித்துப் பெயர் வாங்கிவிட்டதால் ரஞ்சன்குடி ஓட்டம் மறந்துபோயிற்று.

இன்று படிக்கும் நமக்கு அந்தக் கில்லேதார் சாமர்த்தியசாலியாகப் படுகிறார். இரண்டு அதிகாரங்களுக்கு நடுவில் நின்று இரண்டையும் கைவிடாமல் இருந்தவர். இதே நூற்றாண்டில், தெற்கே, இன்னொரு கோட்டைக்குள் ஒரு பெண் அதுபோல இரண்டுக்கும் நடுவில் நின்றாள். அவளுடைய நிலைக்கு வேறு பெயர் வைத்தார்கள்.

அவளைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியதற்கு உடனடிக் காரணம், நம் வட்டத்து நண்பர் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்ன ஒரு வாக்கியம். கிறிஸ்தவம் தமிழுக்கு அச்சையும் அகராதியையும் கொடுத்தது, அனுபவத்தைக் கொடுக்கவில்லை என்றார். அன்றைக்கு நானும் தலையாட்டினேன். நம் நவீன எழுத்தில் கிறிஸ்தவ விசுவாசம் என்பது ஞாயிற்றுக்கிழமை உடுப்பாகவோ, கேலிக்குரிய ஒரு பாதிரியாராகவோதான் வருகிறது. விசுவாசம் ஒரு மனிதரின் அன்றாட உறவுகளுக்குள் என்ன வேலை செய்கிறது என்று நாம் யாரும் பார்க்க மெனக்கெடவில்லை.

இன்னொரு காரணம் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்பது. ஒரு அம்மா மாதம் ஒருமுறை எங்கள் கிளைக்கு வருவார். ஐம்பது வயதிருக்கும். கணவரும் கூட வருவார். உள்ளே வரமாட்டார், வேப்பமரத்தடியில் நிற்பார். அந்த அம்மா எடுக்கும் பணம் அன்று சாயங்காலத்துக்குள் எங்கே போய்ச் சேரும் என்று கிளையில் எல்லாருக்கும் தெரியும். கேட்க எனக்கு உரிமை இல்லை என்று தெரிந்தும் ஒருநாள் கேட்டுவிட்டேன்: "ஏம்மா, இப்படியே எத்தனை நாளைக்கு?" பாஸ்புக்கைப் பைக்குள் வைத்துக்கொண்டே சொன்னார்: "மாதா பாத்துக்குவா சார்."

எனக்குக் கோபம் வந்தது. அந்த வாக்கியத்தில் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. மார்க்ஸை அரைகுறையாகப் படித்தவனுக்கு வரவேண்டிய கோபம்தான். அதைக் கொண்டுபோய் அறையில் வைத்துக்கொண்டு, பல நாள் ஆறவிட்டு, பிறகு வேறு எதையோ தேடப்போய்க் கிளாரிந்தாவிடம் வந்து சேர்ந்தேன்.

கிளாரிந்தா தஞ்சாவூர் மராட்டியப் பிராமணக் குலத்துப் பெண் என்பார்கள். விதவை. லிட்டில்டன் என்ற ஆங்கிலப் படை அதிகாரியோடு வாழ்ந்தவள். உடன்கட்டையிலிருந்து அவளை லிட்டில்டன் காப்பாற்றினார் என்பது வழிவழியாக வரும் கதை. (சதியைத் தடுக்கும் சட்டம் 1829-ல்தான் வந்தது. இவள் காலம் அதற்கு அரை நூற்றாண்டு முந்தி.) கதையை ஒதுக்கிவிட்டாலும் கிறிஸ்டியன் பிரெடெரிக் ஸ்வார்ட்ஸின் எழுத்திலிருந்து தெரிவது இவ்வளவு: அவளுக்கு ஆங்கிலமும் கிறிஸ்தவ வேதத்தின் அடிப்படைகளும் சொல்லிக்கொடுத்தவர் லிட்டில்டன்தான். அவளை முறைப்படி மணந்துகொள்வதாகச் சொன்னவர், மணக்கவில்லை. அவள் ஸ்வார்ட்ஸிடம் ஞானஸ்நானம் கேட்டாள். இந்த உறவில் இருக்கும்வரை தர முடியாது என்று அவர் மறுத்துவிட்டார். பிறகு லிட்டில்டன் இறந்துபோனார். அவள் மறுபடியும் கேட்டாள். 1778-ல் பாளையங்கோட்டைக்கு வந்த ஸ்வார்ட்ஸ் அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்.

மேலோட்டமாகப் பார்த்தால் இது ஒரு ஒழுக்கக் கதை. பாவ நிலை, மறுப்பு, மரணம், மனந்திரும்புதல், திருச்சபையின் மடி. மிஷன் சரித்திரங்கள் இதை அப்படித்தான் சொல்லியிருக்கின்றன. ஸ்வார்ட்ஸின் கண்டிப்புக்கு ஒரு பாராட்டு, அவளுடைய பொறுமைக்கு ஒரு பாராட்டு, அடுத்த அத்தியாயம். நான் இடறி நின்றது வேறோர் இடத்தில். சபை எந்த உறவை ஞானஸ்நானத்துக்குத் தடை என்று சொன்னதோ அந்த உறவின் வழியாகத்தான் வேதம் அவளிடம் வந்தது. லிட்டில்டனின் மேசையருகே உட்கார்ந்துதான் அவள் கிறிஸ்துவின் பெயரை எழுத்துக்கூட்டியிருக்க வேண்டும். தனக்குக் கிடைத்த விசுவாசத்தைக் காட்டி அதைக் கொடுத்தவனை விட்டுவிடு என்று சொன்னால் ஒரு மனம் என்ன செய்யும்?

அவள் முன்னால் இரண்டு சுலபமான வழிகள் இருந்தன. லிட்டில்டனை விட்டுவிட்டு வந்திருந்தால் உடனே ஞானஸ்நானம். சபைக்கு அது வெற்றி, அவளுக்கும் கௌரவம். அல்லது, உங்கள் தண்ணீர் எனக்கு வேண்டாம் என்று ஸ்வார்ட்ஸுக்குச் சொல்லிவிட்டு அதிகாரியின் வீட்டு எஜமானியாகவே இருந்துவிடலாம். கும்பினிக்காரர்கள் வீட்டில் வாழ்ந்த நம் ஊர்ப் பெண்களுக்குப் 'பீபி' என்று பெயர். அந்தக் காலத்தில் அது ஒளித்துவைக்கும் விஷயம்கூட இல்லை. அவள் இரண்டையும் செய்யவில்லை. அவனையும் விடவில்லை, கேட்பதையும் விடவில்லை. சாதிக்குப் பதிதை, வெள்ளைக்காரர்களுக்குப் பீபி, பாதிரியாருக்குப் பாவ நிலையில் இருப்பவள். மூன்று தரப்பாரும் கைவிட்ட ஒரு இடத்தில் நின்றுகொண்டு, ஞானஸ்நானம் பெறாத கிறிஸ்தவளாக வாழ்ந்தாள். இதற்கு வெறும் பிடிவாதம் போதாது.

ஒரு விஷயம் யாரும் அழுத்திச் சொல்லாதது. லிட்டில்டன் பிறவிக் கிறிஸ்தவர். வாக்குத் தவறியவர் அவர்தான். ஆனால் மறுக்கப்பட்ட பொருள் அவளுக்குத்தான் மறுக்கப்பட்டது. அவருக்குப் பிறந்தபோதே கிடைத்துவிட்டது. உறவு இரண்டு பேருடையது, நஷ்டம் ஒருவருடையது. எங்கள் வங்கியில் கூட்டுக் கணக்கில்கூட இப்படி எழுத மாட்டார்கள்.

ஸ்வார்ட்ஸை வில்லனாக்குவதும் நியாயமாகாது. அவர் 1750-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கியவர். ரஞ்சன்குடியில் சண்டை நடந்தபோது அங்கே தமிழ் படித்துக்கொண்டிருந்தார். 1762 முதல் திருச்சியில், கோட்டைச் சிப்பாய்களுக்கும் நம் மக்களுக்கும் நடுவில் பதினாறு வருஷம். 1778 முதல் தஞ்சாவூர். பின்னாளில் சரபோஜிக்குப் பாதுகாவலர். ஐரோப்பியர் நடத்தைதான் தன் பிரசங்கத்துக்குப் பெரிய முட்டுக்கட்டை என்று அவர் நினைத்தார். படைமுகாம்களில் பார்த்தவர், நினைக்காமல் இருக்க முடியாது. ஒரு அதிகாரியின் பெண்ணுக்கு விதியைத் தளர்த்தினால், ஏழைச் சிப்பாயின் பெண்ணுக்கு என்ன பதில் சொல்வது? அதிகாரிக்கு ஒரு வேதம், சிப்பாய்க்கு ஒரு வேதமா என்று நம் ஆட்களே கேட்டிருப்பார்கள். அவருடைய மறுப்பில் ஒரு நேர்மை இருக்கிறது. கல்யாணமே செய்துகொள்ளாத மனிதரின் நேர்மை அது. கல்யாணம் என்பது நடந்தது, நடக்கவில்லை என்று இரண்டே கட்டமாகப் பதிவேட்டில் இருக்கும் ஒன்று அவருக்கு. ஒருவன் வாக்குக் கொடுத்து, தள்ளிப்போட்டு, மறுபடி வாக்குக் கொடுத்து, அதற்குள் அவனுக்குக் காய்ச்சல் வந்து, அவள் கஞ்சி வைத்துக் கொடுக்கும் இரவுகளுக்கு அந்தப் பதிவேட்டில் கட்டம் இல்லை. (மிஷனரிமார்களையும் நம் மக்கள் 'ஐயர்' என்றுதான் கூப்பிட்டார்கள். ஒரு ஐயர் கூட்டத்திலிருந்து வெளியேறிய பெண் இன்னொரு ஐயரின் வாசலில் காத்திருந்தாள் என்று நினைக்கையில் சிரிப்பும் வருகிறது, கஷ்டமாகவும் இருக்கிறது.)

அவள் பெயரைப் பற்றிக் கொஞ்சம். பழைய பதிவுகளில் 'குளோரிந்தா' என்று இருக்கிறது. இத்தாலியக் கவி தாஸோ 1581-ல் வெளிவந்த தன் ஜெருசலேம் காவியத்தில் குளோரிந்தா என்றொரு வீராங்கனையைப் படைத்திருக்கிறார். அவள் எதிர்ப்படையைச் சேர்ந்தவள். அவளைக் காதலிக்கும் கிறிஸ்தவ வீரன் தான்கிரெடி, இருட்டில் யாரென்று தெரியாமல் அவளோடு சண்டையிட்டு அவளை வெட்டி வீழ்த்துகிறான். சாகும் தருணத்தில் அவள் ஞானஸ்நானம் கேட்கிறாள். தலைக்கவசத்தில் தண்ணீர் மொண்டு வந்து அவன் கையாலேயே கொடுக்கிறான். 1600-லேயே ஃபேர்ஃபாக்ஸ் இதை ஆங்கிலத்தில் கொண்டுவந்துவிட்டார். பாளையங்கோட்டைப் பெண்ணுக்கு இந்தப் பெயர் தாஸோவிடமிருந்துதான் வந்தது என்று நான் வாதாடப் போவதில்லை. ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. காவியத்தில் காதலன் கையால் அவள் சாவு, அந்தச் சாவில் ஞானஸ்நானம். பாளையங்கோட்டையில் காதலன் செத்த பிறகுதான் அவளுக்கு ஞானஸ்நானம். காவியம் ஒரே இரவில் முடித்துக்கொண்ட காரியத்தை இவள் வாழ்ந்து கழிக்க வேண்டியிருந்தது.

அ. மாதவையா இந்தக் கதையை 1915-ல் ஆங்கில நாவலாக எழுதினார். 'கிளாரிந்தா' என்ற உச்சரிப்பு நம்மிடையே நிலைத்ததில் அந்த நாவலுக்கும் பங்கு உண்டு. சரோஜினி பாக்கியமுத்துவின் தமிழ் மொழிபெயர்ப்பு 1976-ல் வந்தது. மாதவையாவைத் தமிழ் நாவலின் முன்னோடிகளில் ஒருவர் என்று சொல்லிப் பத்மாவதி சரித்திரத்தோடு நிறுத்திவிடுவது நம் வழக்கம். பெண்கள் மேல் சமூகம் ஏற்றிவைத்த சுமையை அவர் அளவுக்குக் கோபத்தோடு பார்த்தவர்கள் அந்தத் தலைமுறையில் குறைவு. விதவையின் நிலையை முத்துமீனாட்சியில் எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டவர். உப்பு இலாகாவில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே எழுதினார். குமாஸ்தாக்களாகிய நமக்கு அவர்மேல் ஒரு தனி வாஞ்சை இருப்பதில் தப்பில்லை.

ஆனால் நாவல் எனக்கு முழுத் திருப்தி தரவில்லை. சிதையிலிருந்து மீட்பு என்ற நாடகம் எல்லாவற்றையும் முன்கூட்டியே நியாயப்படுத்திவிடுகிறது. உயிரைக் காப்பாற்றியவன்மேல் காதல் வருவதை யார் குறை சொல்ல முடியும்? வாசகனுக்கு எங்கும் கூச்சம் ஏற்படுவதில்லை. மாதவையா அவளைப் பழியிலிருந்து காப்பாற்றிவிடுகிறார். காப்பாற்றும்போது அவள் பட்டிருக்கக்கூடிய அவமானத்தையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறார். அவமானம் இல்லாத இடத்தில் விசுவாசத்துக்கு என்ன வேலை? நாவலில் என்னைத் தொட்டது வேறு. சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர், கிறிஸ்துவின் வாழ்க்கைமேல் ஆழ்ந்த மரியாதை வைத்தவர், மதம் மாறாதவர் மாதவையா. அவரும் ஒரு வாசற்படியில் நின்றவர்தான். கிளாரிந்தா கதவுக்கு வெளியே நிற்கும் பகுதிகளில் அவர் எழுத்து வெதுவெதுப்பாகிறது; அவள் உள்ளே போன பிறகு நடை தளர்ந்து சரித்திரக் குறிப்பாகிவிடுகிறது. நின்ற இடத்திலிருந்துதானே எழுத முடியும்.

பி.ஏ.வுக்கு ஆங்கிலம் படித்தவர்களுக்கு பன்யனின் பரதேசி நினைவுக்கு வரும். 1678-ல் வந்த முதல் பாகத்தின் தொடக்கத்திலேயே கிறிஸ்தியான் மனைவி மக்கள் கதறக் கதறக் காதில் விரலைத் திணித்துக்கொண்டு ஓடுகிறான். ரட்சிப்பு என்றால் வீட்டைவிட்டு ஓடுவது. கல்லூரியில் இதை ஒரு வீரச் செயலாகச் சொல்லிக்கொடுத்தார்கள். பின்பெஞ்சில் இருந்த என் நண்பன், வீட்டு வாடகை யார் கொடுப்பார்கள் என்று என் காதில் கேட்டான். பன்யனுக்கும் ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். 1684-ல் இரண்டாம் பாகம் எழுதி, மனைவியையும் நான்கு பிள்ளைகளையும் அதே வழியில் நடத்திக் கூட்டிவந்தார். எச். ஏ. கிருஷ்ண பிள்ளை இந்த நூலை அடியொற்றித்தான் ரட்சணிய யாத்திரிகத்தைப் பாடினார், 1894-ல் வெளிவந்தது. அவரே 1858-ல் வைணவ வேளாளக் குடும்பத்திலிருந்து மதம் மாறியவர். வீட்டைவிட்டு ஓடும் அந்தக் காட்சி அவருக்கு வெறும் உருவகமாக இருந்திருக்காது. கம்பனின் ஓசையில் அவர் அதைப் பாடியபோது எதை அடக்கிக்கொண்டு பாடினார் என்று யாராவது எழுத வேண்டும்.

கிளாரிந்தாவிடம் இந்த ஓட்டம் இல்லை. அவளுடைய விசுவாசம் ஓடிப்போவதற்கான அனுமதிச் சீட்டாக இல்லை. உறவுக்குள் இருந்துகொண்டே, அந்த உறவின் அரைகுறையையும் வாக்குத் தவறலையும் பார்த்துக்கொண்டே இருப்பதற்கான பலமாக இருந்திருக்கிறது. சரி, ஒரு ஆணின் வாக்குத் தவறலை ஒரு பெண் தாங்கிக்கொண்டிருந்ததை இப்படிப் பெருமையாக எழுதுவதில் ஒரு ஆபத்து இல்லையா? இருக்கிறது. எழுதும்போதே எனக்கு உறுத்துகிறது. மேடையிலும் பீடத்திலும் நின்று 'பொறுத்துக்கொள் மகளே' என்று சொல்வதற்கு இவளை உதாரணம் காட்ட எவரும் வரலாம். வேப்பமரத்தடியில் நிற்கும் அந்தக் கணவருக்கு நான் வக்கீலாகிவிடக் கூடாது.

ஆனால் பொறுமை என்றால் வாயை மூடிக்கொண்டிருப்பது என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். கிளாரிந்தா வாயை மூடவில்லை. மறுத்த பிறகு மறுபடி கேட்டாள். ஞானஸ்நானம் கிடைத்த பிறகு ஓர் ஓரமாக உட்கார்ந்து கண்ணீர் விட்டுக்கொண்டிருக்கவில்லை. பாளையங்கோட்டைக் கோட்டைக்குள் ஒரு கோவில் கட்டினாள். ஆங்கிலேயர் சிலரும் உதவினார்கள், முன்னின்றவள் இவள். 1785-ல் ஸ்வார்ட்ஸ் வந்து அதைப் பிரதிஷ்டை செய்தார். ஒருகாலத்தில் அவளுக்குக் கதவைத் திறக்காதவர், அவள் கட்டிய கதவின் வழியாக உள்ளே போனார். அவர் மனத்தில் அப்போது என்ன ஓடியது என்பதைக் கவிதை எழுதுகிற நண்பர்களுக்கு விட்டுவிடுகிறேன். சபைக்கு உபதேசியார் வேண்டும் என்று அவள் தஞ்சாவூருக்கே போய்க் கேட்டாள். சத்தியநாதன் என்ற உபதேசியார் வந்தார். 1790-ல் அவர் குருப்பட்டம் பெற்றார். அந்தச் சமயத்தில் அவர் செய்த தமிழ்ப் பிரசங்கம் மொழிபெயர்க்கப்பட்டு லண்டனில் அச்சாயிற்று. இன்று திருநெல்வேலிச் சீமையில் லட்சக்கணக்கில் இருக்கும் சீர்திருத்தக் கிறிஸ்தவர்களின் சரித்திரம் இந்தச் சின்னக் கோவிலில் தொடங்குகிறது.

ஸ்வார்ட்ஸுக்கு சரபோஜி மன்னர் இங்கிலாந்துச் சிற்பி ஃபிளாக்ஸ்மனைக் கொண்டு பளிங்கில் நினைவுச் சிற்பம் செய்வித்தார். தஞ்சாவூரில் பார்க்கலாம். கிளாரிந்தாவுக்கு ஊர் கொடுத்தது ஒரு பெயர்: பாப்பாத்தியம்மாள் கோவில். சாதியை விட்டு வெளியே தள்ளப்பட்டவள் அவள். சாதி இல்லை என்று சொன்ன சபைக்குள் போனவள். ஊர் அவளைச் சாதிப் பெயரால்தான் நினைவில் வைத்துக்கொண்டது. அன்பாகத்தான் சொல்லியிருப்பார்கள். இந்த மண்ணில் அன்புக்கும் வேறு சொல் கிடைக்கவில்லை.

எங்கள் பக்கத்திலேயே ஏலாக்குறிச்சி இருக்கிறது. வீரமாமுனிவர் இருந்த ஊர். அடைக்கல மாதா கோவில். கவுண்டருக்கு வரும் அந்த அம்மா அங்கேதான் போவார். முனிவர் 1726-ல் முடித்த தேம்பாவணியில் 3615 பாட்டு. நம்மில் பலர் அதைப் புரட்டிப் பார்த்ததே இல்லை. நானும் முழுக்கப் படித்தேன் என்று சொல்ல மாட்டேன். அலங்காரம் மூச்சு முட்டும். ஆனால் அதில் சூசை மரியாளைச் சந்தேகிக்கும் இடம் ஒன்று உண்டு. விவிலியத்தில் அது ஓரிரு வசனம். கர்ப்பவதியாக இருக்கும் மணப்பெண்ணைப் பகிரங்கமாக அவமானப்படுத்த மனமில்லாமல் ரகசியமாக விலக்கிவிட யோசிக்கும் ஒரு தச்சன். முனிவர் இதைக் கடந்து போகவில்லை. ஐயம் தோன்றுவதற்கு ஒரு படலம், நீங்குவதற்கு ஒரு படலம் என்று இரண்டு படலம் ஒதுக்கினார். இந்தப் பெரிய காப்பியத்தில் மனிதக் குரல் கேட்கும் இடம் என்று எனக்குப் பட்டது அதுதான். இத்தாலியிலிருந்து வந்த துறவி ஒருவர், ஒரு கணவனின் தூக்கமில்லாத இரவு இரண்டு படலம் பெறும் என்று கண்டுகொண்டாரே, அதை அனுபவம் இல்லை என்று எப்படிச் சொல்வது? நண்பருக்கு நான் தலையாட்டியது தப்பு.

ஆனால் சூசைக்குக் கனவில் ஒரு தேவதூதன் வந்து விளக்கம் சொன்னான். கிளாரிந்தாவுக்கு எந்தத் தூதனும் வரவில்லை. வந்தவர் ஸ்வார்ட்ஸ், அவர் மறுத்துவிட்டுத் திருச்சிக்குப் போய்விட்டார்.

1780-ல் எழுதப்பட்ட பாளையங்கோட்டைச் சபையின் பெயர்ப் பட்டியலில் 40 பேர். கால்டுவெல் திருநெல்வேலி மிஷனின் ஆரம்பகால வரலாற்றை எழுதியபோது (1881) இந்தப் பட்டியலை எடுத்துப் பேசுகிறார். முதல் பெயர் குளோரிந்தா. அவளோடு சேர்ந்து வருகிறது அவள் வளர்ப்பு மகனின் பெயர்: ஹென்றி லிட்டில்டன்.

எத்தனை முறை படித்தாலும் இந்தப் பெயரைத் தாண்டி என்னால் போக முடிவதில்லை. பதிவேடுகளோடு பிழைப்பு நடத்துகிறவன் நான். ஒரு பேரேட்டில் எந்தப் பெயர் ஏறும், எது ஏறாது, ஏறாத பெயரை ஏற்றுவதற்கு ஜனங்கள் என்னென்ன வழி கண்டுபிடிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் லிட்டில்டனுக்கும் இருந்த உறவு எந்தக் கோவில் புத்தகத்திலும் மணமாகப் பதிவாகவில்லை. பதிவாகவும் வழியில்லை, அவர் போய்விட்டார். சபை தடை என்று சொன்ன பெயர் அது. அந்தப் பெயரைச் சபையின் முதல் பட்டியலிலேயே, தன் பெயருக்குப் பக்கத்தில், தான் வளர்த்த பிள்ளையின் பெயராக அவள் ஏற்றிவிட்டாள். எழுதிய கைக்கு ஆட்சேபிக்கக் காரணம் எதுவும் இருக்கவில்லை. குழந்தைக்கு ஞானஸ்நானப் பெயர், அவ்வளவுதான்.

மாதா பாத்துக்குவா என்ற வாக்கியத்தை இப்போது எப்படிக் கேட்பது என்று யோசித்துக்கொண்டே ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்த மதில்மேல் இருட்டும்வரை இருந்திருக்கிறேன். கதவு சாத்தும் சத்தம் என்று நினைத்தேன். எனக்கு முன்னால் சாத்தப்பட்டது என்பது சரிதான். ஏனென்றால் நான் கேட்கக்கூடாததைக் கேட்டேன். கதவுக்கு உள்ளே அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று எனக்கு என்ன தெரியும்?

போன மாதம் அந்த அம்மா வந்தார். வழக்கம்போல அவர் வீட்டுக்காரர் மரத்தடியில் நின்றார். பணம் எடுக்கிற படிவம் கேட்பார் என்று எடுத்து வைத்தேன். "அது இல்ல சார், நாமினி மாத்தணும்" என்றார். இதுவரை கணவர் பெயர் இருந்தது. யார் பெயர் போட வேண்டும் என்று கேட்டேன். மகள் பெயரைச் சொன்னார். எழுத்துப் பிழை இல்லாமல் எழுத வேண்டும் என்று ஆதார் அட்டையையும் எடுத்துக் காட்டினார். கையெழுத்துப் போடும்போது நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாகப் போட்டார்.

"சனிக்கிழம ஏலாக்குறிச்சி போறோம் சார்" என்றார் எழுந்துகொண்டே. "அவரும் வர்றேன்னு சொல்லியிருக்காரு."

படிவத்தில் முத்திரை வைத்து உள்ளே அனுப்பினேன். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்கள்.